ஓதம் ஏறும் நேரம்

இருபதாவது கொண்டையூசி வளைவு தாண்டி
வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.
முதல் சந்திப்புக்கு
வாந்தி வராத ஊராகப் பார்த்திருக்கலாம் நீங்கள்,
என்றேன்.
நான் அவரிடம் நேரில் பேசிய முதல் வாக்கியம் அது.
நவநீதன் சட்டைப்பையிலிருந்து
ஒரு எலுமிச்சம்பழம் எடுத்து நீட்டினார்.
ஏற்கெனவே நகத்தால் கீறி வைத்திருந்தார்.

ஏரிக்கு மேலே ஒரு சந்து, அதில் ஆறே மேசை.
பதினோரு வருஷம் கிரிம்ஸ்பித் துறைமுகத்தில்
மீன் பொரித்துவிட்டு வந்த
அர்த்தநாரியின் கடை.
கடல் இங்கிருந்து ஐந்து மணி நேரம் கிழக்கே,
கிட்டத்தட்ட ஐயாயிரம் அடி கீழே.
ஆனாலும் கரும்பலகையில் தினமும் எழுதுகிறார்:
இன்று கிரிம்ஸ்பியில் ஓதம் ஏறும் நேரம்
நம்ம மணிக்கு இரவு 7.10.
யாருக்கு இது, என்று கேட்டேன்.
படகு கட்டறவங்களுக்கு, என்றார்
தட்டைத் துடைத்துக்கொண்டே.

பக்கத்து மேசையில்
செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக்கடைக் குடும்பம்
வினிகரை முகர்ந்து வரிசையாகத் தும்மியது.
கல்லூரிப் பையன்களின் முழங்கை
என் தோளுக்கு நான்கு விரற்கடை தள்ளி.
கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.
உங்களுக்கு எத்தனை தங்கச்சிங்க, என்று நான் கத்தியதும்
வெள்ளிக்கடைக்காரர் ரெண்டு என்றார்.

வந்தது வஞ்சிரம்தான்.
ராத்திரி கடலூரில் ஐஸில் படுத்து
விடியலில் சேலம் சேர்ந்து
பால்வண்டியில் மலையேறி
மாவுச்சட்டை மாட்டியதும் துரையாகிவிட்டது.
அருகே மசித்த பச்சைப் பட்டாணி,
யாரோ திருத்தியெழுதிய துவையல் போல.
ஆத்தூர் சேகோ ஆலையில்
ஈரப்பதம் பார்க்கிற வேலை எனக்கு.
ஒரு கடியில் தெரிந்துவிட்டது,
மொறுமொறுப்பு முழுக்க நம் மரவள்ளி.
அர்த்தநாரியைப் பார்த்தேன்.
உதட்டில் விரல் வைத்தார்.

மேட்டூர் அணை மீனில் பழகிய விரல்கள்
நவநீதனுக்கு.
முள் இருக்கும் என்று பிட்டுப் பிட்டுத் தேடினார்.
நானும் தேடிக்கொண்டுதான் இருந்தேன்.

அப்புறம் நண்டு. ஆளுக்கொரு சுத்தியல்.
இரண்டு கையும் வெண்ணெயில் இருக்கும்போது
அவர் போன் அடித்தது.
விரல்முட்டியால் அழுத்தினார்,
ஸ்பீக்கர் திறந்துகொண்டது.

எங்கடா இருக்கற?
ஆபீஸ்லதாம்மா.
அங்க மழையா? சோன்னு கேக்குது.

உள்ளே வாணலியில்
அடுத்த மேசையின் மீன் இறங்கியிருந்தது.

ஆமாம்மா, நல்ல மழை.
இங்க ஒரு பொட்டு இல்லையே…

எவ்வளவு வழுக்கலாக வந்தது அந்தப் பொய்.
என் கையில் நண்டுக்கால் பாதியில் நின்றது.
இதே வழுக்கலை
மூன்று வருஷம் முன்பு ஒரு வீட்டில்
தினமும் கேட்டிருக்கிறேன்.
அவர் என் கையைப் பார்த்தார்,
நண்டைப் பார்த்தார்,
போன் பக்கம் குனிந்தார்.

அம்மா, மழை இல்ல. எண்ணெய்ச் சத்தம்.
ஏற்காட்ல இருக்கேன்.
ஒருத்தங்ககூட சாப்பிட வந்தேன்.

அந்தப் பக்கம் மௌனம்.
இந்தப் பக்கம் மணி.
அர்த்தநாரி கயிற்றைப் பிடித்து இழுக்கிறார்.
ஏழு பத்து!
கடைவிதி தெரிந்தவர்கள் எல்லோரும்
காலைத் தரையிலிருந்து தூக்கினார்கள்.
வெள்ளிக்கடை அம்மா கொலுசோடு,
பையன்கள் கூச்சலோடு.
தூக்குங்க, தண்ணி வருது, என்று அவர் சொல்ல
நாங்களும் தூக்கினோம்.
குட்டி மேசை.
முட்டியோடு முட்டி இடித்தது.
எடுக்க இடமும் இல்லை.

ஓடுகளுக்கு நடுவே கிடந்த போன்
தொண்டையைச் செருமியது.
என்ன மீனு?

அவர் என்னைப் பார்த்தார்.
நண்டுங்க, என்றேன்,
கொஞ்சம் சத்தமாகவே.